கிணற்றுநீரில் 140 நானோமீட்டர்: அந்த எண் எதைச் சொல்கிறது?

பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய வீட்டுக் கிணற்றிலிருந்து 300 மீட்டர் தொலைவில் ஒரு சிறிய சாயப்பட்டறை இருக்கிறது. துணியில் வியர்வை நாற்றம் தங்காமலிருக்க ‘நானோ வெள்ளி’ பூச்சு போடும் வேலையைச் சென்ற ஆண்டு அங்கே தொடங்கியிருக்கிறார்கள். பட்டறையின் கழிவுநீர் ஓடை கிணற்றுக்கு அருகிலேயே போகிறது. ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கண்ணாடிக் குவளைக் கிணற்றுநீரின் ஊடாக லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. காய்ச்சி வடித்த நீரில் தெரியவில்லை. பயந்துபோய் நீரை ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தார்.

அறிக்கை இப்படி வந்தது: சராசரித் துகள் அளவு 140 நானோமீட்டர் (ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்), பரவல் குறியீடு 0.6. டைட்டானியம் லிட்டருக்கு 12 மைக்ரோகிராம். வெள்ளி, ‘கண்டறியும் வரம்பான 1 மைக்ரோகிராமுக்குக் கீழ்’. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: ‘நானோ துகள்கள் உள்ளன.’

அன்றிலிருந்து குடிநீரை இரண்டு முறை கொதிக்கவைக்கிறார். ஆறு வயது மகளின் சன்ஸ்கிரீனைக் குப்பையில் போட்டுவிட்டார். மகளின் கையில் அரிப்பு இருக்கிறது; ரத்தத்தில் நானோ துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார். “வெள்ளியே இல்லை என்று வந்துவிட்டதே, இதோடு விட்டுவிடு” என்கிறார் கணவர். இந்த அறிக்கையைக் கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. இடையில் ஒரு பக்கத்தின் ஓரத்தில், போகிறபோக்கில் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்: டிடிஎஸ் மீட்டர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் 420 காட்டியது, இப்போது 640 காட்டுகிறது.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நீரிலும் மண்ணிலும் உலோகங்களை அளப்பது என் தொழில். நீங்கள் அடிக்கோடிட்டு எழுதிய 140ஐத் தாண்டிப் போய்விட்டேன். ஓரத்தில் எழுதிய 420, 640 என்ற இரண்டு எண்களில்தான் நின்றேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அறிக்கையைப் பார்த்துவிடுவோம்.

லேசர் சோதனை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கற்றை கண்ணுக்குத் தெரிவதை, டிண்டால் விளைவு என்று நீங்களே கரும்பலகையில் எழுதியிருப்பீர்கள். 1850களிலேயே மைக்கேல் ஃபாரடே, நுண்ணிய தங்கத் துகள்கள் மிதக்கும் சிவந்த திரவத்தில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி இதைக் கவனித்திருக்கிறார். நீரில் ஏதோ மிதக்கிறது என்பதை அந்தக் கோடு சொல்லும். என்ன மிதக்கிறது என்பதைச் சொல்லாது. களிமண்ணின் நுண்பொடி, இரும்புத் துரு, மட்கிய இலையின் கரிமப் பொருள், பாக்டீரியா எல்லாமே அந்தக் கோட்டை வரையும். எந்தக் கிணற்றிலும் எந்த ஆற்றிலும், ஒரு லிட்டர் நீரில் கோடிக்கணக்கில் இப்படிப்பட்ட கூழ்மத் துகள்கள் இருக்கின்றன. எரிமலைச் சாம்பலும் கடல் அலையின் தெறிப்பும் விறகுப் புகையும் மனிதன் தோன்றும் முன்பிருந்தே நானோ துகள்களை உண்டாக்கிவருகின்றன. நானோ என்று சொல்லப்படும் 1 முதல் 100 நானோமீட்டர் என்பது வெறும் அளவு. அந்த அளவில் எது இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் கவலைக்கு விடை தரும். உங்கள் அறிக்கை அந்தப் பக்கமே போகவில்லை.

140 என்ற எண்

அறிக்கையில் ‘டிஎல்எஸ்’ என்று போட்டிருக்கிறார்கள். துகள்கள் நீரில் நடுங்கிக்கொண்டே இருப்பதால், அவை சிதறடிக்கும் ஒளியும் மின்னிக்கொண்டே இருக்கும். அந்த மினுமினுப்பின் வேகத்திலிருந்து அளவைக் கணக்கிடுகிற கருவி இது. ஆய்வகத்தில் தயாரித்த, ஒரே அளவுள்ள சுத்தமான துகள்களுக்கு அருமையான கருவி. கிணற்றுநீரைக் கொண்டுபோய் அதில் வைத்தால் வம்புதான்.

காரணம் இயற்பியலிலேயே இருக்கிறது. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள் சிதறடிக்கும் ஒளி, அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகளைப்போல 10 லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். அதாவது 10 லட்சம் சிறிய துகள்களின் ஒளியை ஒரே ஒரு பெரிய துகள் ஈடுகட்டிவிடும். புட்டியின் மூடியிலிருந்து விழுந்த தூசி ஒன்று போதும், சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள. பரவல் குறியீடு 0.1ஐ ஒட்டியிருந்தால் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவு என்று எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வந்திருப்பது 0.6. பல அளவுகளில் என்னவெல்லாமோ கலந்திருக்கின்றன என்று கருவியே சொல்லிவிட்டது. வகுப்பில் ஒரு யானையையும் நாற்பது எலிகளையும் நிறுத்தி, சராசரி எடை இவ்வளவு என்று பதிவேட்டில் எழுதினால் எப்படியோ அப்படித்தான் அந்த 140.

இன்னொன்றையும் பாருங்கள். 140 என்பது 100ஐவிடப் பெரியது. நானோ என்று சொல்ல வேண்டுமானால், ஐரோப்பிய ஆணையத்தின் வரையறைப்படி, எண்ணிக்கையில் பாதியோ அதற்கு மேலோ 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்தக் கருவி எண்ணிக்கையை அளப்பதே இல்லை. எனவே அறிக்கையின் கடைசி வரி அந்த அறிக்கையிலுள்ள அளவீட்டிலிருந்து பிறக்கவில்லை. எழுதியவர் எதை வைத்து எழுதினார் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

டைட்டானியம் 12 மைக்ரோகிராம்

சன்ஸ்கிரீனிலும் வெள்ளைச் சாயத்திலும் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது என்று படித்திருக்கிறீர்கள். உண்மை. சுவர்ப் பூச்சிலிருந்து மழைநீரில் கழன்று வரும் செயற்கை டைட்டானியம் துகள்களை 2008இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமே எடுத்திருக்கிறார்கள். வியன்னாவின் பழைய டான்யூப் ஏரியில், குளிக்க வருவோரின் தோலிலிருந்து சன்ஸ்கிரீன் துகள்கள் கழன்று நீரில் கலப்பதை ஓராண்டு முழுவதும் பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்டார்கள். அந்த ஏரி ஆய்வில் அவர்கள் பட்ட பாடு எதில் தெரியுமா? டைட்டானியத்தைக் கண்டுபிடிப்பதில் இல்லை. ஏரியின் சொந்த மண்ணிலிருக்கும் டைட்டானியத்திலிருந்து அதைப் பிரித்தறிவதில்.

பூமியின் மேலோட்டில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 5 கிராம் டைட்டானியம். நீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலே டைட்டானியம் வரும். இயற்கையான டைட்டானியம் தனியாக வராது; அலுமினியம், இரும்பு, நயோபியம் என்று கூட்டத்தோடு வரும். ஆலையில் தயாரித்தது ஏறக்குறைய தனியாக வரும். அதனால் டைட்டானியத்துக்கும் நயோபியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துத்தான் மூலத்தை யூகிக்கிறோம். உங்கள் அறிக்கையில் டைட்டானியம் மட்டும்தான் இருக்கிறது. ஒப்பிட ஒன்றுமில்லை.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது கடின நீர். கால்சியம் நிறைய இருக்கிறது. ஐசிபி-எம்எஸ் கருவி உலோகங்களை அவற்றின் நிறையைக் கொண்டு பிரிக்கிறது. டைட்டானியத்தின் அணுக்களில் பெரும்பாலானவற்றின் நிறை எண் 48. கால்சியத்திலும் ஆயிரத்தில் இரண்டுக்குச் சற்றுக் குறைவான அணுக்களின் நிறை எண் அதே 48. ஆயிரத்தில் இரண்டுதானே என்று விட முடியாது: லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் உள்ள நீரில் இந்த 48 மட்டும் ஏறக்குறைய 200 மைக்ரோகிராம் வரும். சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். கவனமான ஆய்வகம் வேறொரு நிறை எண்ணில் அளக்கும், அல்லது கருவிக்குள் வாயுவைச் செலுத்தி இரண்டையும் பிரிக்கும், அல்லது கால்சியத்தின் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்கும். கழித்ததில் சிறு பிசகு நேர்ந்தாலே 12 மைக்ரோகிராம் முளைத்துவிடும். உங்கள் ஆய்வகம் பிசகியது என்று நான் சொல்லவில்லை. எந்த முறையில் அளந்தார்கள் என்பதை அறிக்கையில் எழுதவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

வெள்ளி: நீங்களும் சரி, அவரும் சரி

வரம்புக்குக் கீழ் என்றால் இல்லை என்று பொருளில்லை என நீங்கள் கணவரிடம் வாதாடியது சரி. ஒரு நானோகிராம் வெள்ளியை 50 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் ஏறக்குறைய 15 லட்சம் உருண்டைகள் கிடைக்கும். 1 மைக்ரோகிராம் என்றால் 150 கோடி. அத்தனையும் அந்தக் கருவியின் கண்ணில் படாமலே ஒரு லிட்டரில் ஒளிந்திருக்க முடியும்.

ஆனால் உடல்நலக் கணக்கில் கணவரின் பக்கம்தான் கனமாக இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரை வெள்ளி இருந்தாலும் உடல்நலத்துக்குக் கேடில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. உங்கள் நீரில் இருப்பது, இருந்தால், அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மீன்களுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. வெள்ளி அயனி அவற்றை மிகக் குறைந்த அளவிலேயே தாக்கும். ஓடையைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது அதனால் வீணில்லை.

பட்டறையிலிருந்து வெள்ளி வெளியேறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளி பூசிய காலுறைகளை நீரில் அலசினால் வெள்ளி கழன்று வருவதை 2008லேயே ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். கழன்றது அப்படியே கிணறுவரை நீந்தி வருவதில்லை. நீரிலுள்ள கால்சியம் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். கரிமப் பொருள் அவற்றின்மேல் படலம் போர்த்தும். காற்றில்லாத கழிவுநீரில் கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாக மாறிவிடும். சாக்கடைக் கசடில் அந்த வடிவத்தில்தான் அதைக் கண்டெடுத்திருக்கிறார்கள். சல்ஃபைடு நீரில் கரைவது அரிது. ஓடையின் அடியில் அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பு வண்டல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, தேட வேண்டிய இடம் அதுதான். மேலோட்டில் வெள்ளி கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கும் குறைவு. டைட்டானியத்தைப்போல மண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. பட்டறையின் வாய்க்கால் ஓடையில் சேரும் இடத்துக்கு மேலே ஒரு பிடி வண்டல், கீழே ஒரு பிடி வண்டல். இரண்டையும் அமிலத்தில் கரைத்து மொத்த வெள்ளியை அளந்தால் போதும். கீழே பல மடங்கு அதிகமாக வந்தால் பட்டறை பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நானோவா இல்லையா என்ற பேச்சே அங்கே எழாது.

இப்போது அந்த 420, 640

டிடிஎஸ் மீட்டர் நானோ துகளைப் பார்க்காது. நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து உப்பின் அளவை மதிப்பிடும் கருவி அது. அதனால்தான் நீங்கள் அதை ஓரத்தில் தள்ளிவிட்டீர்கள். நானோ என்று ஒரு சொல் மனதில் புகுந்துவிட்டால், கண்ணெதிரே இருக்கும் சாதாரணச் சான்று சப்பென்று ஆகிவிடுகிறது. இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

சாயமேற்ற உப்பு வேண்டும். சாயக் கழிவில் சோடியமும் குளோரைடும் சல்ஃபேட்டும் ஏராளம். இவற்றில் குளோரைடு மண்ணில் ஒட்டாது. நீர் போகிற வேகத்திலேயே போகும். நானோ துகள்களோ மண்மணிகளில் ஒட்டி ஒட்டி வழியிலேயே தங்கிவிடும். எனவே ஓடைநீர் உங்கள் கிணற்றுக்கு வருகிறது என்றால் முதலில் வந்து சேருவது உப்பு. உப்பே வரவில்லை என்றால் வெள்ளித் துகள் வந்திருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஓடைக்கும் கிணற்றுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று தெரியாமல் துகளைத் தேடுவது, கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் திருடனின் கைரேகையைத் தேடுகிற வேலை.

640க்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நீர்மட்டம் இறங்கினாலே எண் ஏறும். அதனால் நான்கு இடங்களில் ஒரே நாளில் மாதிரி எடுங்கள்: வாய்க்கால் சேரும் இடத்துக்கு மேலே ஓடைநீர், கீழே ஓடைநீர், உங்கள் கிணறு, ஓடைக்கு எதிர்ப்புறம் தள்ளியிருக்கும் வேறொரு கிணறு. குளோரைடு, சோடியம், சல்ஃபேட், கார அமிலத் தன்மை, வேதி ஆக்சிஜன் தேவை (கழிவின் வலிமையைக் காட்டும் அளவு), மொத்த வெள்ளி. எல்லாம் எந்த ஆய்வகமும் செய்கிற சோதனைகள். ஐந்தாவதாகக் காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய ஒரு புட்டியை ஓடைக்கரைக்குக் கொண்டுபோய், மற்ற புட்டிகளைத் திறக்கும் நேரத்துக்கு அதையும் திறந்து மூடி, அதையும் சேர்த்துக் கொடுங்கள். அதிலும் வெள்ளி வந்தால் கோளாறு புட்டியிலோ ஆய்வகத்திலோ இருக்கிறது.

இவற்றில் தொடர்பு உறுதியானால் அப்போது துகளைத் தேடலாம். தனித்துகள் ஐசிபி-எம்எஸ் என்று ஒரு முறை உண்டு. நீரை மிகவும் நீர்க்கச் செய்து, துகள்கள் ஒவ்வொன்றாகக் கருவியின் பிளாஸ்மாவில், அதாவது மிகச் சூடான வாயுச் சுடரில், விழும்படி அனுப்புவார்கள். ஒரு துகள் விழும்போது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்கு ஒரு துடிப்பு எழும். துடிப்பின் உயரத்திலிருந்து துகளின் அளவைக் கணக்கிடலாம். கரைந்த வெள்ளி துடிக்காது, அடியில் சீரான இரைச்சலாக ஓடும். உலோகம் எது, துகள் எத்தனை, அளவு என்ன என்ற மூன்றையும் ஒன்றாகச் சொல்லும் முறை இது.

ஆனால் அந்தச் சோதனைக்குத் தரும் புட்டியில் அமிலம் விடக் கூடாது. உலோகச் சோதனைக்கு வரும் மாதிரியில் நைட்ரிக் அமிலம் விடுவது ஆய்வகங்களின் வழக்கம். வெள்ளித் துகள் அதில் கரைந்து காணாமல் போய்விடும். உறைய வைக்கவும் கூடாது, துகள்கள் கட்டிதட்டிவிடும். குளிரூட்டிய பெட்டியில், இருட்டில், அடுத்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அறிக்கையில் ‘கரைந்த வெள்ளி’ என்று தனியாக எண் வந்தால் அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 450 நானோமீட்டர் துளையுள்ள வடிதாளைக் கடந்ததையெல்லாம் கரைந்தது என்று எழுதுவது பழைய மரபு. நானோ துகள் அந்தத் துளை வழியே தாராளமாகப் போகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும். உலோகமும் உப்பும் அப்படியே இருக்கும், நீர் ஆவியாகப் போவதால் கொஞ்சம் கூடவும் செய்யும். சாதாரண பீங்கான் வடிகட்டியின் துளைகளும் நானோ துகளுக்குப் பெரியவை. தலைகீழ்ச் சவ்வூடு வடிகட்டி, அதாவது ஆர்ஓ, உப்பையும் துகளையும் சேர்த்தே தடுக்கும். உப்புச் சோதனையின் முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைப் பயன்படுத்துங்கள். நானோவுக்காகச் சொல்லவில்லை, ஓடைநீர் உள்ளே வருகிறதென்றால் சாயத்தின் மற்ற எச்சங்களும் கூடவே வரலாம்.

மகளின் ரத்தத்தில் நானோ துகளைத் தேட வேண்டாம். ரத்தத்தில் மொத்த வெள்ளியை அளக்க முடியும். நானோ துகள் இருக்கிறதா என்று பார்த்துச் சிகிச்சை சொல்லும் மருத்துவப் பரிசோதனை கிடையாது. கையிலுள்ள அரிப்பைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கிணற்று விஷயத்தை அவரிடம் சொல்லுங்கள், ஆனால் காரணத்தை நீங்களே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள்.

சன்ஸ்கிரீனை மறுபடி வாங்கிக்கொடுங்கள். காயமில்லாத தோலில் டைட்டானியம், துத்தநாக ஆக்சைடு துகள்கள் மேல்படலத்திலேயே நின்றுவிடுகின்றன. வெயிலின் புற ஊதாக்கதிர் தோலுக்குச் செய்யும் கேடு சந்தேகத்துக்கு இடமில்லாதது. களிம்பாக வாங்குங்கள், தெளிப்பானாக வேண்டாம். டைட்டானியம் டை ஆக்சைடைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது, அதை மூச்சில் இழுத்த எலிகளின் சான்றை வைத்துத்தான்.

புகார்

இப்போதுள்ள அறிக்கையோடு போகாதீர்கள். நான் வழக்கறிஞன் இல்லை, ஆனால் இப்படிப்பட்ட அறிக்கைகள் விசாரணையில் என்ன பாடுபடும் என்று பார்த்திருக்கிறேன். துகள் என்ன பொருள் என்று இல்லை, ஒப்பீட்டு மாதிரி இல்லை, காய்ச்சி வடித்த நீரின் வெற்று மாதிரி இல்லை. எதிர்த்தரப்பு ஐந்து நிமிடத்தில் அதைக் கிழித்துவிடும். அதோடு உங்கள் பெயரும் ‘எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர்’ என்று கெட்டுப்போகும். அடுத்த முறை உண்மையான எண்களோடு போனாலும் காது கொடுக்க மாட்டார்கள். தவிர, நீரில் நானோ துகளுக்கென்று தனி வரம்பை வைத்து நடவடிக்கை எடுப்பது எங்குமே வழக்கத்தில் இல்லை. மொத்த உலோகம், உப்பு, கழிவின் வலிமை ஆகியவற்றுக்குத்தான் வரம்புகள் உண்டு. அந்த வரம்புகளை மீறியதைக் காட்டுங்கள், போதும்.

பட்டறையில் எந்தப் பூச்சுப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள், அதன் பாதுகாப்புத் தகவல் தாள் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். நானோ வடிவப் பொருள்களைப் பதிவு செய்யும் கட்டாயம் சில நாடுகளில் இருக்கிறது. பிரான்சில் ஆண்டுக்கு 100 கிராமுக்கு மேல் கையாண்டாலே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2013 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாளைக் கேட்பதில் தவறில்லை. ‘நானோ’ என்று விளம்பரப்படுத்திவிட்டுச் சாதாரண வெள்ளி உப்பைப் பூசுகிறவர்களும் உண்டு. அப்படி இருந்தால் இத்தனை நாள் இல்லாத ஒன்றைத்தான் தேடியிருப்பீர்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்த ஆய்வகத்துக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: “டைட்டானியத்தை எந்த நிறை எண்ணில் அளந்தீர்கள், கால்சியத்தின் பங்கை எப்படி நீக்கினீர்கள்?” தெளிவான பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம். மழுப்பினால், ஐந்து புட்டிகளையும் வேறு ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.